ஹைமா சாலையும் ஐந்தாவது கியரும்

எங்கள் கேம்ப் அலுவலகச் சுவரில் ஒரு சுற்றறிக்கை ஒட்டியிருந்தது. இந்தியிலும் மலையாளத்திலும் அச்சாகியிருந்த அதன் அடியில் யாரோ பேனாவால் தமிழிலும் எழுதியிருந்தார்கள். நெடுஞ்சாலையில் பிக்கப் ஓட்டுகிறவர்கள் எண்பதைத் தாண்டக் கூடாது, ஐந்தாவது கியரிலேயே போக வேண்டும், டீசலை மிச்சப்படுத்த வேண்டும். வண்டிக்குப் பின்னால் கம்ப்ரஸர் மாட்டியிருந்தால் என்ன செய்வது என்று ஒரு வரியும் இல்லை. அதை எழுதிய மேலாளர் மஸ்கட்டில் ஏசி அறையில் இருந்தார். கம்ப்ரஸர் அதம் ஊருக்குத் தெற்கே வெயிலில் நின்றது.

நான் 2006இல் ஓமானுக்குப் போனேன். மெக்கானிக்கல் டிப்ளமோ கையில் இருந்ததால் விசாவில் சைட் சூப்பர்வைசர் என்று போட்டிருந்தார்கள். செய்த வேலை ஆள் கணக்கு, குழிக் கணக்கு, டீசல் கணக்கு. மின்கம்பம் நடுகிற ஒப்பந்தம். பாலைவனம் என்றதும் ஊரில் எல்லோரும் மணலைத்தான் நினைக்கிறார்கள். அதத்தைத் தாண்டி ஹைமா வரைக்கும் பெரும்பாலும் சரளையும் பாறையும் கலந்த தட்டைத் தரை. கம்பத்துக்குக் குழி எடுக்க வேண்டுமானால் ஜாக்ஹாமர் வைத்துத்தான் உடைக்க வேண்டும். ஜாக்ஹாமருக்குக் காற்று கொடுக்கக் கம்ப்ரஸர். அது இரண்டு டன்னைத் தொடும். இரண்டே சக்கரம், தனக்கென்று பிரேக் கிடையாது. அதை இழுத்துப் போவது பிக்கப்பின் வேலை.

பிக்கப் ஜப்பான் வண்டி. ஒற்றை கேபின், 4.2 லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ இல்லாத டீசல் எஞ்சின், ஐந்து கியர். அரபிகள் அந்த வகையை ‘ஷாஸ்’ என்பார்கள். பின்னால் ஒட்டகத்தை மடக்கி உட்கார வைத்துக் கயிறு போட்டுக் கட்டிவிட்டால், அது பாட்டுக்குக் கழுத்தைத் தூக்கி வேடிக்கை பார்த்துக்கொண்டு போகும். அந்த வண்டியைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். வளைகுடாவில் அதைவிட உழைக்கிற வண்டியை நான் பார்க்கவில்லை. எங்களிடம் வந்து சேர்ந்ததுதான் அதன் தலையெழுத்து.

அதை ஓட்டியவர் முதுகுளத்தூர் பக்கத்து அண்ணன். ஊரில் லாரி ஓட்டி, அதிலேயே தலை நரைக்கத் தொடங்கிய பிறகு வளைகுடாவுக்கு வந்தவர். ஓமானில் சாலையின் வலப்பக்கம் போக வேண்டும், ஸ்டீயரிங் இடப்பக்கம், கியர் வலது கைக்கு வரும். நம்மூர் டிரைவர்கள் வந்த புதிதில் இடது கையைக் கியருக்கு நீட்டி, கதவில் மொத்திக்கொள்வார்கள். அண்ணனுக்குக் கை மாறிவிட்டது, கால் மட்டும் மாறவில்லை. கியரை இறக்கும்போதெல்லாம் டபுள் கிளட்ச் போடுவார். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டு வந்து, கிளட்சை விட்டு ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டு தட்டி, மறுபடி மிதித்துக் கியரைப் போடுவது. பழைய லாரிகளில் கியர்களின் வேகத்தை ஒன்றுக்கொன்று சமப்படுத்த உள்ளே எதுவும் கிடையாது. டிரைவர்தான் காதால் கேட்டுச் சமப்படுத்த வேண்டும். தவறினால் கரகரவென்று பல் அரைபடும், பக்கத்தில் கிளீனர் சிரிப்பான். இப்போதைய கியர் பாக்ஸில் அந்த வேலையைப் பித்தளை வளையம் ஒன்று செய்கிறது. மெக்கானிக்குகள் அதைச் சிங்க்ரோ என்பார்கள்.

“சிங்க்ரோ இருக்கில்லண்ணே, எதுக்கு ரெண்டு தடவ மிதிக்கிறிய?” என்று ஒருநாள் கேட்டேன்.

“இருக்குல்ல, அது பாட்டுக்கு இருக்கட்டும் தம்பி. அதுக்கும் கொஞ்சம் வேலையைக் கொறைப்போம்.”

இரவு ஷிஃப்ட்டில் அதே வண்டியை ஓட்டியவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். யாரும் மோசமானவர்கள் இல்லை. சுற்றறிக்கைப்படி ஓட்டினார்கள், அவ்வளவுதான்.

2007 ஜூன் முதல் வாரத்தில் கோனு புயல் வந்தது. அரபிக் கடலில் அதுவரை பதிவான புயல்களில் அதுதான் வலிமையானது என்றார்கள். மஸ்கட்டுக்கும் குரியாத்துக்கும் இடையில் வாதிகளில் வெள்ளம் புரண்டு சாலைகளைச் சுருட்டிக்கொண்டு போயிருந்தது. வாதி என்றால் மழை பெய்தால் மட்டும் ஓடுகிற காட்டாறு. ஆண்டு முழுக்க ஆடு மேய்கிற இடம், அன்றைக்கு லாரியை உருட்டியது. கரைப்பக்கம் மின்கம்பங்கள் விழுந்து கிடந்தன. உள்நாட்டில் வேலை செய்த நாங்கள் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு, கம்ப்ரஸர், ஜெனரேட்டர், வெல்டிங் மெஷின் என்று இருந்ததையெல்லாம் பிக்கப்களில் மாட்டிக் கரைக்கு இழுத்தோம். அமிராத்திலிருந்து குரியாத் போகிற மலைச் சாலையில் சரிந்த மண்ணுக்கு நடுவே முதல் கியரும் இரண்டாவதுமாக ஏறி இறங்கின வண்டிகள். திரும்பும்போது நிஸ்வா சாலையில் நல்ல தாரைக் கண்டதும் நேராக ஐந்தாவதுக்குப் போனார்கள். மாதக்கணக்கில் இது நடந்தது. கியர் பாக்ஸில் சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது.

முதலில் மெல்லிய ஊளை. எண்பதில் போகும்போது, ஐந்தாவதில் மட்டும். நான்காவதுக்கு இறக்கினால் சத்தம் துடைத்த மாதிரி நின்றுவிடும். பிறகு கியர்க் கம்பியில் அதிர்வு. ஏற்றத்தில் வண்டி முக்கும்போது உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுவது போலக் கேட்கும்.

இதைப் பார்த்தே பாதி நோயைச் சொல்லிவிடலாம். பின்சக்கரத்தை ஓட்டும் ஐந்து கியர் பாக்ஸில், பெரும்பாலும், நான்காவது கியர் நேர் கியர். எஞ்சினிலிருந்து வரும் தண்டும் சக்கரத்துக்குப் போகும் தண்டும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு ஒரே தண்டாகச் சுற்றும். எந்தப் பல்லின் மீதும் சுமை கிடையாது. மற்றக் கியர்கள் எல்லாம் கீழே இருக்கும் லே ஷாஃப்ட்டுக்கு இறங்கி மறுபடி மேலே ஏறித்தான் சக்கரத்துக்குப் போகும். ஆகவே நான்காவதில் அமைதி, மற்ற எல்லாவற்றிலும் சத்தம் என்றால் லே ஷாஃப்ட்டின் பேரிங்கைப் பார்க்க வேண்டும். நியூட்ரலில் நிற்கும்போது சத்தம் வந்து, கிளட்சை மிதித்ததும் நின்றால் முன் தண்டின் பேரிங்கையும் சேர்த்துச் சந்தேகிக்கலாம். ஒரே ஒரு கியரில் மட்டும் சத்தம் என்றால் நோய் அந்தக் கியரில்தான். எங்கள் வண்டி ஒளிக்காமல் சொன்னது.

மஸ்கட்டுக்கு எழுதினோம். மெக்கானிக் வரவில்லை, ஒரு டிரம் ஆயில் வந்தது. ஆயிலை மாற்றினால் சத்தம் நின்றுவிடும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

பழைய ஆயிலை இறக்கியபோது அண்ணன் தட்டை வெயிலில் சாய்த்துக் காட்டினார். ஆயில் முழுக்கப் பொன் துகள் மினுங்கியது. அது சிங்க்ரோவின் பித்தளை. கழற்றிய பிளக்கின் காந்தத்தில் இரும்புச் சீவல் மீசை போல ஒட்டியிருந்தது. பித்தளைத் துகள் கொஞ்சம் இருப்பது வயதான பாக்ஸில் வழக்கம். இரும்புச் சீவல் வழக்கமில்லை. டிரம்மில் வந்திருந்ததோ பின் அச்சின் கிரவுனுக்கும் பினியனுக்கும் ஊற்றுகிற ஜி.எல்-5 ஆயில். கைப்புத்தகம் கேட்டது ஜி.எல்-4. இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், தடிப்பும் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் ஜி.எல்-5இல் கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த மருந்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. கிரவுனில் பல்லோடு பல் வழுக்கித் தேய்கிற அழுத்தத்துக்கு அது வேண்டும். பித்தளைக்கு அந்தக் கந்தகம் ஆகாது. போதாததற்கு வழுக்கலும் கூடுதல் என்பதால் சிங்க்ரோ வளையத்துக்குப் பிடிமானம் கிடைக்காது. இதை நான் எழுதி அனுப்பினேன். கடையில் கியர் ஆயில் என்று கேட்டுத்தான் வாங்கினோம் என்று பதில் வந்தது. கேட்டது சரிதான், கடைக்காரன் கொடுத்ததும் சரிதான்.

அந்த ஆயிலோடுதான் ஹைமாவுக்குக் கிளம்பினோம். அங்கே புதிய சைட். நானும் அண்ணனும் முன்னால், பின்னால் கம்ப்ரஸர். மஸ்கட்டிலிருந்து சலாலா வரை ஆயிரம் கிலோமீட்டர் போகும் அந்தச் சாலை, அப்போது அதத்துக்குத் தெற்கே ஒற்றைச் சாலையாகத்தான் இருந்தது. எதிரே லாரி வந்தால் காற்று வண்டியைத் தள்ளும். வளைவு கிடையாது, மரம் கிடையாது, தொடுவானத்தில் கானல் மட்டும். ஹைமாவைச் சுற்றியுள்ள சமவெளிக்கு ஜித்தத் அல் ஹராசிஸ் என்று பெயர். வெள்ளை மான் போன்ற அரேபிய ஓரிக்ஸுக்கு அங்கே ஒரு சரணாலயம் இருந்தது. கோனு வந்த அதே மாதத்தில்தான் யுனெஸ்கோ அந்தச் சரணாலயத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து எடுத்தது. அந்தப் பட்டியலிலிருந்து முதன்முதலாக நீக்கப்பட்ட இடம் அது. நான் அங்கே இருந்த காலம் முழுக்க ஓரிக்ஸ் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. சாலையோரப் பலகையில் பார்த்ததோடு சரி.

ஹைமா இன்னும் வெகுதூரம் இருக்கும்போது, டக் என்று ஒரு சத்தம். எஞ்சின் அலறியது. அண்ணன் காலை எடுத்தார். கியர்க் கம்பி ஐந்தாவதில்தான் இருந்தது, ஆனால் வண்டியில் இழுவை இல்லை. எண்பது எழுபதாகி அறுபதானது. கம்ப்ரஸர் பின்னாலிருந்து தள்ளும் வரை தள்ளியது. சரளை ஓரத்தில் இறக்கி நிறுத்தினார். வண்டி போய்விட்டது என்றே நினைத்தேன். அலைபேசியில் ஒரு கோடுகூட இல்லை.

எங்களைப் பார்த்து ஒரு ஓமானிப் பெரியவர் நிறுத்தினார். தண்ணீரும் பேரீச்சம் பழமும் கொடுத்தார். தன் பிக்கப்பைக் காட்டி, உங்கள் வண்டி, கம்ப்ரஸர் இரண்டையும் சேர்த்து நான் இழுத்துப் போகிறேன் என்று சைகை செய்தார். அவர் வண்டியில் ஏற்கெனவே ஒரு ஒட்டகம் இருந்தது.

அண்ணன் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, வண்டியில் ஏறி முதல் கியரைப் போட்டார். நகர்ந்தது. இரண்டு. மூன்று. நான்கு. எல்லாம் வேலை செய்தன.

“அஞ்சுதான் தம்பி செத்துப்போச்சு. மத்ததெல்லாம் உசுரோடதான் இருக்கு. டாப்புலயே போயிருவோம்.”

அண்ணனுக்கு டாப் என்றால் நான்காவதுதான். ஐந்தாவது என்பது பின்னால் வந்து சேர்ந்த விருந்தாளி. நான்காவதில் ஹைமா வரை போனோம், ஊளை கிடையாது, அதிர்வு கிடையாது. பெரியவர் வெகுதூரம் வரை எங்களுக்குப் பின்னால் இரண்டு பக்க இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு மெதுவாகவே வந்தார். பிறகு ஒரு மண் பாதையில் திரும்பி மறைந்தார்.

பாக்ஸைத் திறந்தது நிஸ்வா சனாயாவில். சனாயா என்றால் பட்டறைகள் இருக்கும் தொழிற்பேட்டை. வளைகுடாவில் வேலை பார்த்த நம்மவர்கள் எல்லோருக்கும் இந்தச் சொல் தெரியும். மெக்கானிக் பெஷாவர்க்காரர். எல்லோரும் உஸ்தாத் என்றார்கள். முன்னும் பின்னும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றி, ஃபோர் வீல் பெட்டியோடு சேர்த்துக் கியர் பாக்ஸை ஜாக்கியில் இறக்கினார்கள். டீசலில் கழுவிப் பின் மூடியைத் திறந்ததும் உஸ்தாத் என்னைக் கூப்பிட்டார்.

ஐந்தாவது கியர் பாக்ஸின் கடைசியில், பின்வாலில் இருக்கும். நான்கு கியர்களோடு வடிவமைத்த பழைய பெட்டிக்குப் பின்னால் நீட்டிச் சேர்த்தது போன்ற இடம் அது. பெரிய பேரிங்குகள் தாங்குவது முன்னால் இருப்பவற்றை. ஐந்தாவது அந்தத் தாங்கலுக்கு வெளியே தொங்குகிறது, ஆயிலும் அங்கே கடைசியாகத்தான் போய்ச் சேரும். கியர் தண்டோடு சேர்ந்து சுற்றுவதற்காக இரண்டிலும் நீளவாக்கில் வரிவரியாகப் பள்ளமும் மேடும் வெட்டியிருப்பார்கள். ஸ்ப்ளைன் என்பார்கள். எங்கள் கியரில் அது இல்லை. உஸ்தாத் விரலை உள்ளே விட்டுச் சுற்றினார், வழுவழுவென்று சுற்றியது. கியரைப் பிடித்திருக்கும் நட் தளர்ந்து, கியருக்கு ஒரு நூல் ஆட்டம் கிடைத்து, அந்த ஆட்டத்திலேயே வரிகள் அடிபட்டுத் தேய்ந்து கடைசியில் மொட்டையாகிவிட்டன. பற்கள் நன்றாகவே இருந்தன. பல் உடைந்திருக்கும் என்று நான் எதிர்பார்த்திருந்தேன்.

உஸ்தாத்துக்கு எங்கள் சுற்றறிக்கை தெரியாது. “ஐந்தாவதில் சுமை இழுத்தீர்களா?” என்று மட்டும் இந்தியில் கேட்டார்.

இழுவையில் ஐந்தாவது ஏன் சாகிறது என்பதை அவர் அப்போதுதான் எனக்கு விளங்க வைத்தார். ஐந்தாவது கியரில் எஞ்சின் ஒரு சுற்றுக்குக் குறைவாகச் சுற்றும்போதே பின் தண்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிடும். காலி வண்டிக்கு அது சுகம். பின்னால் இரண்டு டன் இருக்கும்போது எஞ்சின் தன் முழு இழுவிசை கொடுக்கிற சுற்றுக்குக் கீழே இறங்கிப் போகிறது. டிரைவர் ஆக்ஸிலரேட்டரைக் கடைசி வரை மிதிக்கிறான். டீசல் எஞ்சின் குறைந்த சுற்றில் முழுச் சுமையோடு ஓடினால் அதன் ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனி அடியாகத் தண்டுக்கு வரும். ஆறு சிலிண்டரின் அடியும் அந்த ஒரு கியரின் வரிகளில் போய் விழுகிறது. எஞ்சின் சத்தம் குறைவாக இருப்பதால் வண்டி சிரமப்படவில்லை என்று டிரைவருக்குத் தோன்றும். மேலாளருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும்.

இது எங்கள் வண்டிக்கு மட்டும் வந்த வியாதி இல்லை என்று பல ஆண்டு கழித்துப் படித்துத் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் 1990களில் பெரிய டீசல் பிக்கப்களில் என்.வி. 4500 என்றொரு ஐந்து கியர் பாக்ஸ் வந்தது. வார்ப்பிரும்பு உடம்பு, யானை பலம். குதிரை டிரெய்லரும் வைக்கோல் டிரெய்லரும் இழுத்தவர்களுக்கு அதில் ஒரே தலைவலி, பின்னால் ஐந்தாவது கியரைப் பிடித்திருக்கும் நட் தளர்ந்து கியர் நழுவிப் போவது. அந்த நட்டைப் பூட்டிப் பிடிப்பதற்கென்றே தனியாக விதவிதமான பூட்டுகள் செய்து விற்றார்கள். நிஸ்வாவில் உஸ்தாத் விரல் விட்டுக் காட்டிய அதே இடம்.

ஐந்தாவது கியர், அதன் தண்டு, பேரிங்குகள், சிங்க்ரோ வளையங்கள் எல்லாம் புதிதாகப் போட்டு முடிக்க உஸ்தாத் முந்நூறு ரியால் கேட்டார். மஸ்கட்டிலிருந்து வேறு உத்தரவு வந்தது. ஷார்ஜாவிலிருந்து பழைய பாக்ஸ் ஒன்று நூற்றெண்பதுக்குக் கிடைக்கிறதாம். வந்து இறங்கியபோது அது வெள்ளிக் கிண்ணம் மாதிரி பளபளத்தது. உஸ்தாத் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, வெளியே இவ்வளவு கழுவியிருக்கிறார்கள் என்றால் உள்ளே பார்க்க விடக் கூடாது என்று அர்த்தம் என்றார். திறந்து பார்க்க அனுமதி கேட்டேன். திறந்தால் விற்றவன் திரும்ப எடுக்க மாட்டான் என்று பதில்.

மாட்டினார்கள். ஐந்தாவது நன்றாக இருந்தது. கெட்டிருந்தது மூன்றாவது.

சமவெளியில் அது தெரியவே இல்லை. கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வருகிற நோய்க்கு ஒரு குணம் உண்டு. எஞ்சின் சக்கரத்தை இழுக்கும் வரை பற்கள் ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்துக்கொள்ளும். இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் சக்கரம் எஞ்சினை இழுக்கத் தொடங்கும், அழுத்தம் பல்லின் மறுபக்கத்துக்கு மாறும். அந்தப் பக்கம் தேய்ந்து சரிவாகியிருந்தால் கியர் வழுக்கி வெளியே வரும். ஆக, எந்த இடத்தில் கியர் கட்டாயம் வேண்டுமோ அந்த இடத்தில்தான் அது கைவிடும்.

2008 மழைக்காலத்தில் எங்களை தோஃபாருக்கு அனுப்பினார்கள். அங்கே ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை கரீஃப் என்கிற சாரல் பருவம். ஓமானின் மற்ற பகுதி கொதிக்கும்போது சலாலா மலைகள் மட்டும் பச்சையாகி மூடுபனியில் கிடக்கும். எமிரேட்டிலிருந்தும் சவூதியிலிருந்தும் குடும்பம் குடும்பமாகக் காரில் வந்து, மழையில் நனைவதற்காகவே சாலையோரத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பார்கள். நமக்குச் சிரிப்பாக இருக்கும். அவர்களுக்கு அது திருவிழா.

தும்ரைத் வரை வெயில். அதற்குப் பிறகு சாலை மெல்ல மலை முதுகில் ஏறி, எண்ணூறு மீட்டர் அளவு உயரத்திலிருந்து சலாலா சமவெளிக்குச் சரியும். உச்சியில் வெயிலுக்கும் பனிக்கும் நடுவே சுவர் கட்டியது போல ஒரு எல்லை. உள்ளே நுழைந்ததும் கண்ணாடியில் நீர், முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. சாலை நடுவே ஒட்டகங்கள் நின்றன. அவை எங்களுக்காக நகரவில்லை, யாருக்காகவும் நகர்வதில்லை.

சரிவு தொடங்கும் இடத்தில் அண்ணன் மூன்றாவதில் இறக்கினார். முதல் வளைவு தாண்டியதும் கியர்க் கம்பி அவர் உள்ளங்கையில் படீரென்று அடித்து நியூட்ரலுக்கு வந்தது. எஞ்சின் சத்தம் அடங்கிப்போனது. அந்த நேரத்தில் அதுபோல் பயங்கரமான அமைதி வேறில்லை. கம்ப்ரஸர் பின்னாலிருந்து முட்டத் தொடங்கியது. பிரேக் மிதித்தார். வேகம் குறையவில்லை, கூடாமல் நின்றது, அவ்வளவுதான். மறுபடி மூன்றாவதைப் போட்டுக் கையால் அழுத்திப் பிடித்தார். கையையும் மீறி வந்தது. பிரேக் லைனிங் கருகும் வாசனை கேபினுக்குள் ஏறியது. பனியில் என்ன வளைவு வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

“பிடிச்சுக்க தம்பி.”

இரண்டாவதுக்குப் போனால்தான் வண்டி நிற்கும். அந்த வேகத்தில் இரண்டாவதைப் போட எந்தச் சிங்க்ரோவாலும் முடியாது, அதுவும் ஷார்ஜாவின் பழைய பித்தளையால் முடியவே முடியாது. அண்ணன் கிளட்சை விட்டார், ஆக்ஸிலரேட்டரை நன்றாக மிதித்து எஞ்சினை அலற விட்டார், அந்த அலறல் உச்சிக்குப் போன கணத்தில் கிளட்சை மிதித்துக் கம்பியை இழுத்தார். உரசல்கூட இல்லாமல் விழுந்தது. வண்டி யாரோ பின்னால் பிடித்து இழுத்தது போல் தலை குனிந்தது. பிறகு இருபது, இருபத்தைந்தில் ஊர்ந்தோம்.

பின்னால் கார் வரிசை சேர்ந்துவிட்டது. ஹாரன்.

“அடிக்கட்டும் தம்பி. ஊர்ல பஸ்காரன் அடிக்காததையா இவய்ங்க அடிச்சிரப் போறாய்ங்க?”

சிங்க்ரோ இல்லாத லாரிகளில் கற்ற வித்தை அது. இரவு ஷிஃப்ட்டின் இளம் டிரைவர்களில் ஒருவர் அன்றைக்கு ஓட்டியிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். அவர்கள் திறமை குறைந்தவர்கள் என்பதற்காக இல்லை. அவர்களுக்கு அதைக் கற்றுக்கொள்ளத் தேவையே வந்திருக்கவில்லை.

கீழே இறங்கினால் தென்னந்தோப்பும் வாழைத் தோட்டமும். சாலையோரக் கடையில் இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். அண்ணன் இரண்டு குடித்தார், வண்டியின் சக்கரத்தின் மீது ஒரு கை தண்ணீர் தெளித்தார். ‘ஸ்ஸ்’ என்றது. கம்ப்ரஸரைக் கழற்றி வைத்துவிட்டு, பாக்ஸைப் பிரித்துப் புதுச் சாமான் போடாமல் இந்த வண்டியில் ஏற மாட்டேன் என்று மஸ்கட்டுக்குச் சொல்லச் சொன்னார். நான் சொன்னேன். மூன்று நாள் வேலை நின்ற பிறகுதான் பணம் வந்தது. ஒரு மலையாளி சேட்டன் பட்டறையில் மூன்றாவதுக்குப் புதுக் கியர், புது சிங்க்ரோ, கம்பியைப் பிடித்துவைக்கும் ஸ்பிரிங், எல்லாம் மாற்றி, இந்தத் தடவை ஜி.எல்-4 ஆயிலை நானே போய் வாங்கி வந்து ஊற்றினோம்.

அதற்குப் பிறகு அண்ணன் கம்ப்ரஸர் மாட்டிய வண்டியில் ஐந்தாவதைப் போடவே இல்லை, மற்றவர்களையும் போட விடவில்லை. மாதக் கடைசியில் மஸ்கட்டிலிருந்து கேள்வி வந்தது: இந்த ஒரு வண்டிக்கு மட்டும் ஏன் டீசல் கூடுகிறது?

நான் கணக்குப் போட்டு அனுப்பினேன். அப்போது ஓமானில் டீசல் லிட்டர் 146 பைசா. ஆயிரம் பைசா ஒரு ரியால். இழுவையில் நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நூறு கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் வித்தியாசம் என்றே வைத்துக்கொள்வோம். உண்மையில் அவ்வளவுகூட வராது, ஏனென்றால் ஐந்தாவதில் முக்கும் எஞ்சினும் டீசலைக் குடிக்கத்தான் செய்கிறது. மாதம் ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடினால் மிச்சம் ஏழு ரியால் முந்நூறு பைசா. ஷார்ஜா பாக்ஸுக்கும் சலாலா பட்டறைக்குமாகச் செலவானது ஐந்நூறு ரியாலுக்கு அருகில். அந்த ஐந்நூறைத் திரும்ப எடுக்க ஐந்தரை வருஷத்துக்கு மேல் ஐந்தாவது கியரில் ஓட்ட வேண்டும், அதுவரை கியர் உடையாமல் இருக்க வேண்டும். ஆட்கள் சும்மா உட்கார்ந்திருந்த நாட்களின் கூலியை நான் இதில் சேர்க்கவில்லை. பதில் வரவில்லை. சுற்றறிக்கையை யாரும் கிழிக்கவும் இல்லை.

நான் 2011இல் ஊர் திரும்பும்போது அந்த வண்டி ஓடிக்கொண்டிருந்தது. இப்போது நம்மூரிலும் பிக்கப்பின் பின்னால் கம்ப்ரஸர், ஜெனரேட்டர், படகு என்று மாட்டி இழுத்துப் போகிறவர்களைப் பார்க்கிறேன். வண்டியோடு வரும் கைப்புத்தகத்தில் இழுவை பற்றி ஒரு பக்கம் இருக்கும். எவ்வளவு எடை, டிரெய்லருக்குப் பிரேக் வேண்டுமா, எந்தக் கியர் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கும், படித்துவிட்டு மாட்டுங்கள். டிரைவரை நான்காவதில் ஓட்ட விடுங்கள். ஐந்தாவதில் சத்தம் வருகிறது என்று அவர் வந்து சொன்னால் ஆயில் டிரம்மை அனுப்பாதீர்கள், மெக்கானிக்கை அனுப்புங்கள்.